சூட்டில் ஊறுவதா, ஆறிய பின் கலப்பதா: ஜெர்மனியின் இரண்டு உருளைக்கிழங்கு சாலட்கள்

டிசம்பர் 24 மாலை ஜெர்மானிய வீடுகளில் மிகப் பரவலாகப் பரிமாறப்படும் உணவு, பலரும் நினைப்பதுபோல் வாத்து வறுவல் அன்று. உருளைக்கிழங்கு சாலட்டும், வெந்நீரில் சூடாக்கிய சாசேஜும்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பழைய வழக்கப்படி நோன்பு நாள் என்பதாலும், அன்று மாலை தேவாலயத்துக்குப் போக வேண்டியிருப்பதாலும், எளிய உணவே அந்த வேளைக்கு நிலைத்துவிட்டது. ஆனால் 'கார்டோஃபெல்சலாட்' என்ற அந்த ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு உணவுகள் இருக்கின்றன. ஹாம்பர்க், பெர்லின் போன்ற வடபகுதிகளிலும் ரைன்லாந்திலும் அது மயோனைஸில் பிசறிய குளிர்ந்த சாலட். தெற்கே உள்ள ஸ்வாபியாவிலும் பவேரியாவிலும் அது சூடான இறைச்சிச் சாறும் வினிகரும் எண்ணெயும் சேர்ந்த, இளஞ்சூடான சாலட். எது சரியானது என்ற வாக்குவாதம் குடும்பங்களுக்குள்ளேயே உண்டு, குறிப்பாக வடக்கும் தெற்கும் மணவுறவு கொண்ட வீடுகளில்.

இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். வெந்தபின் குழையாத, உடையாத கிழங்கு வேண்டும். ஜெர்மானியக் கடைகளில் இந்த வகையைப் 'ஃபெஸ்ட்கோஹெண்ட்' என்று குறித்து, பெரும்பாலும் பச்சை நிறச் சீட்டோடு விற்பார்கள். மசியலுக்கு ஏற்ற மாவுக்கிழங்குக்கு நீல நிறம். 1935 முதல் பயிரிடப்படும் ஸீக்லிண்டேயும், 1974இல் அனுமதி பெற்ற லிண்டாவும் சாலட்டுக்கென்றே பெயர் பெற்ற கிழங்கு ரகங்கள். லிண்டாவைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள அதன் உரிமையாளர்கள் 2004இல் முயன்றபோது, விவசாயிகளும் நுகர்வோரும் விடாமல் போராடி அதை மீட்டார்கள் என்பதிலிருந்தே, நல்ல சாலட் கிழங்குக்கு அந்த நாட்டில் உள்ள மதிப்பு விளங்கும். கிழங்கைத் தோலோடு வேகவைக்க வேண்டும் என்பதிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் வழிகள் பிரிகின்றன. ஸ்வாபிய முறையில் கிழங்கு ஆறக் கூடாது. முள்கரண்டியில் குத்திப் பிடித்து, விரல் சுடச் சுடத் தோலை உரித்து, மெல்லிய வில்லைகளாகப் பாத்திரத்துக்குள்ளேயே சீவ வேண்டும். ஒரு கிலோ கிழங்குக்கு ஏறக்குறைய கால் லிட்டர் மாட்டிறைச்சிச் சாற்றைப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு கொதிக்கவைத்து, வினிகரும் ஒரு கரண்டி கடுகு விழுதும் உப்பும் மிளகும் கலந்து, அந்த வில்லைகள்மீது ஊற்றுவார்கள். முதல் பார்வைக்கு இது சாலட்டாகவே தெரியாது. மஞ்சள் குளத்தில் கிழங்கு மிதப்பதுபோல் இருக்கும். பத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் குளம் வற்றியிருக்கும், வில்லைகள் உப்பியிருக்கும், ஓரங்களிலிருந்து கரைந்த மாவுச்சத்து மீதிச் சாற்றைக் கெட்டிப்படுத்தியிருக்கும். எண்ணெய் அதன் பிறகே சேர வேண்டும். முன்னதாகவே ஊற்றிவிட்டால் அது வில்லைகள்மேல் படலமாகப் படிந்து சாற்றை உள்ளே விடாது. கிழங்கு உள்ளே சப்பென்றும் வெளியே பிசுபிசுப்பாகவும் நின்றுவிடும். சரியாக வந்த சாலட்டை ஸ்வாபியர்கள் 'ஷ்லோன்ட்ஸிக்' என்பார்கள்: ஈரமும் பளபளப்பும் வழுவழுப்பும் சேர்ந்த பதம். கரண்டியால் கிளறும்போது சளக் சளக்கென்று சத்தம் கேட்க வேண்டும் என்பதே அவர்கள் வைக்கும் சோதனை. பவேரியாவில் இதோடு வெள்ளரிக்காயைச் சீவிச் சேர்ப்பதும் உண்டு.

வடக்கில் பொறுமைதான் முக்கியம். கிழங்கை முந்தைய நாளே வேகவைத்து முழுதாக ஆறவிடுவார்கள். ஆறும்போது மாவுச்சத்து இறுகுவதால் வில்லைகள் விளிம்பு மழுங்காமல் நிற்கும். சூடான கிழங்கில் மயோனைஸைக் கலந்தாலோ அது திரிந்து எண்ணெய் தனியே பிரியும். மயோனைஸோடு வேகவைத்த முட்டையும் ஊறுகாய் வெள்ளரியும் சேரும். சில வீடுகளில் புளிப்பு ஆப்பிளும் உண்டு. பெர்லினுக்குத் தென்கிழக்கே உள்ள ஷ்ப்ரேவால்ட் பகுதியின் வெள்ளரி ஊறுகாய் இதற்குப் பேர்போனது. 1999 முதல் அதற்கு ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பும் இருக்கிறது. அந்த ஜாடியின் புளிப்பு நீரைச் சில கரண்டி சேர்த்து மயோனைஸைத் தளர்த்துவதுதான் கைப்பக்குவம். அதைச் செய்யாவிட்டால் கொழுப்பு நாக்கில் கனத்துவிடும். பிறகு சில மணி நேரம் குளிர்ப்பெட்டியில் ஊறினால் சுவை ஒன்றுகூடும்.

உடன் பரிமாறுவதைப் பொறுத்துத் தேர்வு மாறும். ரொட்டித்தூளில் பொரித்த மெல்லிய இறைச்சித் துண்டான ஷ்னிட்ஸலுக்கும், மாவுக்குள் இறைச்சியும் கீரையும் பொதிந்த மௌல்டாஷனுக்கும் சாறு ஊறிய சாலட்டே பொருத்தம். பொரியலின் எண்ணெயை அதன் வினிகர் முறித்துவிடும். ஹாம்பர்க்கில் பொரித்த மீனோடு மயோனைஸ் சாலட் வைப்பது நிலைத்த வழக்கம் என்றாலும், கொழுப்பின்மேல் கொழுப்பாக அது எனக்குச் சற்று அதிகமாகவே தோன்றுகிறது. மெலிந்த சாசேஜுக்கு அது மிக நன்றாகப் பொருந்தும். முட்டையும் இறைச்சியும் உண்ணாதவர்களுக்குத் தெற்கு முறை எளிது, இறைச்சிச் சாற்றின் இடத்தில் காய்கறிச் சாறு போதும்.

கிழங்கின் சுவையை அறிய வேண்டுமானால் ஸ்வாபிய சாலட்டையே நான் முன்வைப்பேன். அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. மட்டமான கிழங்கும் நீர்த்த சாறும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். மயோனைஸ் சாலட்டில் வெள்ளரியும் முட்டையும் ஆப்பிளும் முன்னே நிற்க, கிழங்கு பின்னுக்குப் போய்விடுகிறது. ஆனால் விருந்தினர் வரும் நாளில் சமைப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் வடக்கு முறைக்கே வலு அதிகம். அது முந்தைய நாளே தயாராகி நிற்பதால், பண்டிகை மாலையில் சாசேஜைச் சூடாக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். ஸ்வாபிய சாலட்டோ சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்புதான் உருவாக வேண்டும். அதை ஏற்கும் வீட்டில் ஒருவராவது மாலை முழுவதும் சமையலறையில்தான் நிற்பார்.

மிச்சமானதை எடுத்துவைப்பதிலும் இரண்டும் ஒன்றல்ல. மயோனைஸ் சாலட்டை வெளியே வைக்கவே கூடாது, குறிப்பாக வீட்டில் பச்சை முட்டையில் அடித்த மயோனைஸாக இருந்தால். குளிர்ப்பெட்டியில் வைத்தால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். ஸ்வாபிய சாலட் இரவில் குளிர்ந்து இறுகிக் கட்டியாகிவிடும். அதை வெளியே எடுத்துச் சற்று நேரம் வைத்து, கொதிக்கும் சாற்றை இரண்டு கரண்டி ஊற்றிக் கிளறினால், அந்தச் சளக் சத்தம் மறுபடியும் கேட்கும்.