யுஎஸ்பி பிரிண்டர் தங்கம், அதே மெஷினின் ஸ்கேனர் தலையிடி: லினக்ஸில் மூன்று வருடப் பாவனை

வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "உபுண்டு போட்டால் பிரிண்டரும் ஸ்கேனரும் ஓடுமா?" இரண்டும் ஓடும். ஆனால் பிரிண்டருக்குச் சொல்லும் அதே உறுதியோடு ஸ்கேனருக்குச் சொல்ல வாய் வருவதில்லை. பாவனையில் உள்ளது யுஎஸ்பி மட்டும் கொண்ட, அச்சும் ஸ்கேனும் சேர்ந்த கறுப்பு வெள்ளை லேசர் மல்டிஃபங்ஷன். முதலில் உபுண்டு என்ற லினக்ஸின் 22.04 பதிப்பு, இப்போது 24.04.

அச்சில் குறையே இல்லை. கேபிளைக் குத்தியதும் ஐபிபி-யுஎஸ்பி என்ற சேவை எழும்பி, மெஷினைக் கணினிக்குள்ளேயே நெட்வேர்க் பிரிண்டராக்கிவிடுகிறது. லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ் அதைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். டிரைவர் சீடி தேவையில்லை, கம்பனித் தளத்தில் தேடவும் வேண்டாம். மூன்று வருடத்தில் அச்சுக்காக ஒரு டிரைவர்கூட நிறுவவில்லை என்பது சாதாரண விஷயமல்ல.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தெரிவு செய்தால் தாள் அளவு லெட்டராகிவிடும். லெட்டர் 216 x 279 மில்லிமீட்டர், நம் கடைகளில் கிடைக்கும் ஏ4 210 x 297. மெஷின் இல்லாத தாளுக்காக விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும், நீங்களோ கேபிளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவீர்கள். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்று தட்டினால் வரும் கப்ஸ் பக்கத்தில் அந்தப் பிரிண்டரின் இயல்பு அளவை ஏ4 ஆக்குங்கள். மொழி அமைப்பில் எண், நாணயம், தாள் ஆகியவற்றுக்கான வடிவத்தை இலங்கைக்கு மாற்றுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கடிதம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் அது பிரிண்டரின் பிழையல்ல, எழுத்துரு நிறுவப்படவில்லை.

இனி ஸ்கேனர். கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் ஸ்கேன்இமேஜ் கட்டளையோடு ஹைஃபனும் பெரிய எல் எழுத்தும் சேர்த்துப் பாருங்கள். மேசையில் இருப்பது ஒரு மெஷின், பட்டியலில் மூன்று! ஒன்று டிரைவர் வேண்டாத ஏர்ஸ்கேன் வழி, ஒன்று லினக்ஸின் ஸ்கேன் மென்பொருளான சேன் கூடவே தரும் ஈஎஸ்சிஎல் வழி, மூன்றாவது கம்பனி டிரைவரின் வழி. ஸ்கேன் செயலி எதை முதலில் எடுக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். மூன்றாவதை எடுத்தால் "சாதனம் வேலையில் உள்ளது" அல்லது உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. காரணம் எளிது: யுஎஸ்பி இணைப்பை ஐபிபி-யுஎஸ்பி ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது, கம்பனி டிரைவரும் அதையே நேரடியாகத் திறக்கப் பார்க்கிறது. இது தெரியாமல் டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவி ஒரு பின்னேரத்தையே தொலைப்பவர்கள் எத்தனை பேர்! டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் இது தீராது.

தீர்வு, ஒரு வழியை வைத்துக்கொண்டு மற்றதை மூடுவது. இடிசி கோப்புறைக்குள் சேன்.டி, அதற்குள் டிஎல்எல்.கான்ஃப். அதில் ஈஎஸ்சிஎல் என்ற வரியின் முன்னால் # போடுங்கள், அந்த வரி செயலிழந்துவிடும். கம்பனி டிரைவரின் பெயர் அங்கே இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள டிஎல்எல்.டி கோப்புறையில் தனிக் கோப்பாக இருக்கும், அங்கும் # போடுங்கள். ஏர்ஸ்கேனைத் தொடவேண்டாம். மறுபடி பட்டியலைக் கேட்டால் மெஷின் ஒரே வரியில் வரும். அடையாள அட்டைப் பிரதி எடுக்க 300 டிபிஐ வையுங்கள், செயலியின் உரை நிலைக்கான இயல்பு 150 தான்.

சில மெஷின்களில் ஏர்ஸ்கேன் வழி பாதியிலேயே அறுந்துபோகும். அப்போது தலைகீழாகச் செய்யவேண்டும்: சேவைகளைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கட்டளை கொண்டு ஐபிபி-யுஎஸ்பியை நிறுத்தி, மறுபடி எழும்பாதபடி மாஸ்க் செய்துவிட்டு, அச்சையும் ஸ்கேனையும் கம்பனி டிரைவரிடம் ஒப்படைப்பது. அரைகுறையாக இரண்டையும் ஓடவிட்டால் இரண்டும் கெடும்.

இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. பொறுக்க முடியாதது, இது திரும்பி வருவதுதான். பெரிய அப்டேட்டின்போது "உங்கள் அமைப்புக் கோப்பை வைத்திருக்கவா, புதியதைப் போடவா?" என்று கேட்கும். அவசரத்தில் புதியது என்று சொன்னால் பட்டியலில் மறுபடி மூன்று மெஷின். இருந்ததையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐபிபி-யுஎஸ்பியும் ஏர்ஸ்கேனும் எழுதியவர்களுக்கு நன்றி சொல்லாமல் முடியாது. பழைய காலத்து டிரைவர் அல்லாட்டத்தை நம் தலையிலிருந்து இறக்கியவர்கள் அவர்கள்தான். ஆனாலும் நண்பருக்குச் சொல்லும் பதில்: இந்த மெஷினை வாங்காதீர்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் யுஎஸ்பி மட்டும் உள்ள மாடல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். நெட்வேர்க் கேபிள் குத்தும் லேன் துளை உள்ளதை, டிரைவர் இல்லாமல் அச்சிடலாம் என்று காட்டும் ஏர்பிரிண்ட் முத்திரை பார்த்து, ஸ்கேனும் அதே வழியில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். லேனில் போட்டால் ஐபிபி-யுஎஸ்பிக்கு வேலையே இல்லை, யுஎஸ்பிக்காக அடிபட யாருமில்லை. ரவுட்டரில் மட்டும் பிரிண்டரை விருந்தினர் வைஃபையில் விட்டுவிடாதீர்கள், கணினியின் கண்ணில் படாது. ஃபயர்வோல் போட்டிருந்தால் கணினி பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் வழியான யுடிபி 5353ஐத் திறந்துவிடுங்கள்.