பதிவு வகுப்பா, பேட்ச் வகுப்பா: புள்ளியியலை இரண்டு வழியிலும் படித்த பிறகு

புள்ளியியலை ஆன்லைனில் இரண்டு முறை படித்தேன். முதலில் சேர்ந்தது முழுக்கப் பதிவு செய்த வீடியோக்கள் கொண்ட கோர்ஸ். நினைத்தபோது தொடங்கலாம், நினைத்தபோது முடிக்கலாம். 12 பகுதிகளில் 5 முடித்ததோடு நின்றுபோனது. ஒரு வருடம் கழித்து, தேதி குறித்து நடத்தும் பேட்ச் ஒன்றில் சேர்ந்தேன். 8 வாரம், வாரத்துக்கு இரண்டு நேரலை வகுப்பு, ஒவ்வொரு ஞாயிறு இரவும் அசைன்மென்டுக்குக் கெடு. அதை முழுதாக முடித்தேன். எதில் சேரலாம் என்று யாராவது கேட்டால் இப்போது தயங்காமல் பேட்ச் என்றுதான் சொல்கிறேன். உடனே "கெடு வைத்தால்தான் படிப்பு ஓடுமா?" என்று கேட்பார்கள். கெடுவும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் வேறு.

கட்டணத்திலும் நேர வசதியிலும் பதிவு வகுப்புதான் மேல். சான்றிதழ் இரண்டிலும் கிடைக்கிறது. பாடம் நடத்தும் தரத்தில்கூட நான் பார்த்த பதிவு கோர்ஸ் ஒரு படி முன்னேதான் இருந்தது. படங்கள் தெளிவு, பேச்சு கச்சிதம், ஒவ்வொரு வீடியோவும் ஐந்தாறு நிமிடம். அந்த நீளத்துக்கும் காரணம் உண்டு. எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதைப் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. பேட்ச் வகுப்பில் ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து உட்கார வேண்டும். சில நாள் அது கஷ்டமாகவே இருந்தது.

அப்படியானால் பதிவு கோர்ஸ் ஏன் பாதியில் நிற்கிறது? எனக்கு மட்டும் நடந்ததல்ல இது. 2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம்தான். எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய கோர்ஸ்களில், 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். பலரும் சும்மா எட்டிப் பார்க்கச் சேர்ந்திருப்பார்கள், அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் அதே ஆண்டில் சான்றிதழுக்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்தால்கூட முடித்தவர்கள் சுமார் 46 சதவீதம்தான். காசு கட்டினால் முடித்துவிடுவோம் என்பதும் பாதிக்குப் பாதிதான் பலித்திருக்கிறது. நானும் காசு கட்டித்தான் சேர்ந்திருந்தேன்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்த விஷயம் ஒன்றுதான்: நான் செய்த பயிற்சியை யார் படித்தார்கள், அது எத்தனை நாளில் என்னிடம் திரும்பி வந்தது என்பது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தூக்க நேரம் பற்றிய ஒரு பயிற்சியில் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி கணக்கிட வேண்டும், அதாவது மாதிரியாகச் சிலரை மட்டும் எடுத்து அளந்து, எல்லோருடைய உண்மையான சராசரியை ஓர் எல்லைக்குள் மதிப்பிட வேண்டும். 6.4 மணி முதல் 7.2 மணி வரை என்று விடை வந்தது. "உண்மையான சராசரி இந்த எல்லைக்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு உள்ளது" என்று விளக்கமும் எழுதினேன். பதிவு கோர்ஸிலும் இதே மாதிரிக் கணக்கு வந்திருந்தது. அங்கே எண்ணை மட்டும் கட்டத்தில் போட வேண்டும். போட்டேன், பச்சை டிக் விழுந்தது, அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டேன். தவறான புரிதல் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

பேட்சில் அந்தத் தாள் நான்காம் நாள் திரும்பி வந்தது. ஓரத்தில் வழிகாட்டி எழுதியிருந்தார்: "கணக்கு சரி, வாக்கியம் தவறு. உண்மையான சராசரி நகராது. மாதிரிக்கு மாதிரி நகர்வது இடைவெளிதான். மறுபடி எழுதி அனுப்புங்கள்." அரை மணி நேரம் யோசித்த பிறகுதான் விளங்கியது. இதே முறையில் 100 முறை மாதிரி எடுத்து 100 இடைவெளிகள் கணக்கிட்டால், அவற்றில் சுமார் 95 உண்மையான சராசரியை உள்ளடக்கும் என்பதுதான் பொருள். என் கையில் இருக்கும் ஒரே ஒரு இடைவெளியைப் பற்றிய உறுதிமொழி அல்ல அது. திருத்தி அனுப்பினேன். இரண்டாம் முறை சரியென்று வந்தது. இன்றுவரை அது மறக்கவில்லை.

கெடுவின் மதிப்பும் இங்கேதான் இருக்கிறது. ஞாயிறு அனுப்பினால் வியாழன் யாரோ ஒருவர் படித்துப் பதில் எழுதுவார் என்று தெரிந்தால் எழுதும்போதே கவனம் கூடுகிறது. எழுத வைப்பதற்கே தனிப் பலனும் உண்டு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். பதிவு கோர்ஸிலும் க்விஸ் இருந்தது, உண்மைதான். ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும், தப்பானால் உடனே அடுத்ததைத் தொடலாம். நினைவிலிருந்து எதையும் எடுக்கவே தேவையில்லை.

பேட்ச் என்றதும் எல்லாரும் நேரலை வகுப்பைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். நான் 16 வகுப்பில் 4 வகுப்புக்குப் போகவில்லை, பிறகு பதிவைப் பார்த்துக்கொண்டேன். பெரிய இழப்பு ஏதும் தெரியவில்லை. ஒரு அசைன்மென்டைத் தவறவிட்ட வாரம் மட்டும் அடுத்த பாடமே தட்டுத் தடுமாறியது. என் தோழி சேர்ந்த இன்னொரு பேட்சில் சில நூறு பேர். அசைன்மென்ட் அனுப்பினால் "பெற்றுக்கொண்டோம்" என்று தானாக ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். கிணற்றில் போட்ட கல். அப்படிப்பட்ட பேட்சுக்கு அதிகப் பணம் கொடுப்பதற்குப் பதில் நல்ல பதிவு கோர்ஸே போதும் என்பேன்.

நான் பார்த்தது ஒரே ஒரு பேட்ச்தான், அதில் முப்பது பேர்தான், வழிகாட்டியும் அக்கறையானவர். இதை எல்லாப் பாடத்துக்கும் நீட்ட எனக்குத் தயக்கம் உண்டு. புரோகிராமிங் மாதிரியான பாடத்தில், எழுதிய நிரலைக் கணினியே ஓட்டிப் பார்த்து எங்கே தப்பு என்று நொடியில் சொல்லிவிடும். அங்கே பதிவுக்கும் பேட்சுக்கும் உள்ள வித்தியாசம் குறையலாம். சின்னச் சின்ன பைத்தான் பயிற்சிகளுக்கு மேல் நான் போனதில்லை என்பதால் அதில் உறுதியாகச் சொல்ல முடியாது. புள்ளியியல், கட்டுரை எழுத்து, மொழி என்று விடையை வாக்கியமாக எழுத வேண்டிய பாடங்களுக்கு நான் பேட்ச் பக்கம்தான்.

அப்புறம், பணம் கட்டும் முன் நடத்துபவர்களிடம் மூன்று கேள்வி கேட்டேன். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர்கள்? திருத்திய பின் மறுபடி அனுப்பலாமா? முந்தைய பேட்சில் திருத்திய தாள் ஒன்றைக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்கு இரண்டு இடங்களிலிருந்து பாடத்திட்டம் மட்டும் வந்தது. மூன்றாவது இடத்திலிருந்து, மாணவர் பெயரை மறைத்து, ஓரமெல்லாம் குறிப்பு எழுதிய மூன்று பக்கத் தாள் வந்தது. அன்றே அங்கே சேர்ந்துவிட்டேன்.