கிட்டாரில் ஹம்: கேட் பெடலா, செம்பு டேப்பா, புது பிக்கப்பா, வீட்டு எர்த்தா?

ஆம்ப்பில் ஹம், அதாவது கரண்டால் வரும் 'ம்ம்' உறுமல், கேட்டதும் நம் பசங்க முதலில் விலை விசாரிப்பது நாய்ஸ் கேட் பெடலைத்தான். என் கணக்கில் அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். சென்னை வீடுகளில் முதல் செலவு எர்த்துக்கு, அடுத்தது கிட்டாரின் உட்குழியில் ஒட்டும் செம்பு டேப்புக்கு. கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பும் கேட் பெடலும் அதற்குப் பிறகுதான்.

கேட் ஹம்மை நீக்குவதில்லை. சிக்னல் நாம் வைத்த அளவுக்குக் கீழே இறங்கியதும் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். வாசிக்கும்போது அது திறந்திருக்கும், ஹம்மும் நோட்டோடு சேர்ந்தே வரும். டிஸ்டார்ஷன் என்னும் கரகரப்பை ஏற்றிவிட்டு நறுக்கென்று நிறுத்தி வாசிக்கிற மெட்டல்காரர்களுக்கு அது அவசியம். பாஸ் என்எஸ்-2 மாதிரி செண்ட், ரிட்டர்ன் (சிக்னலை வெளியே அனுப்பி மீண்டும் வாங்கும் இரண்டு ஜாக்) உள்ள பெடல் என்றால் டிஸ்டார்ஷனை அந்தச் சுற்றுக்குள் வைக்கலாம். கிட்டாரிலிருந்து வரும் சுத்தமான சிக்னலைப் பார்த்து கேட் திறக்கும், மூடும். டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் டோனில் ஒரு கார்டை அடித்துவிட்டு அது தேய்ந்து மறையும்வரை காத்திருப்பவர்களுக்கு அதே பெடல் தொல்லை. கடைசி இழையை வெட்டிவிடும்.

காசை எடுக்கும் முன் காதைக் கொஞ்சம் பயன்படுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க வீடியோக்களில் 60, 120 என்று சொல்வது அங்கத்திய கரண்டுக்கு. இங்கே நாம் தேட வேண்டியது 50, 100. தடித்த ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி, 98 ஹெர்ட்ஸ். கிட்டார் கேபிளை ஆம்ப்பிலிருந்து கழற்றிய பிறகும் அந்த ஜி-க்குச் சற்று மேலே ஓர் உறுமல் நின்றால், அது 100 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் ஆம்ப்பின் உள்ளே கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும். அதற்கு சர்வீஸ்காரர்தான் வேண்டும். உள்ளே ஆளைத் தூக்கிப்போடும் வோல்டேஜ் தேங்கியிருக்கும், நீங்களாகத் திறக்காதீர்கள்.

கேபிளைக் கழற்றியதும் சத்தம் அடங்கினால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. திரும்பச் சொருகி, உட்கார்ந்த இடத்திலேயே கிட்டாரோடு மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் கூடி, ஒரு திசையில் குறைந்தால் ஒரே கம்பிச்சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப், சுற்றியுள்ள காந்தப் புலத்தை வாங்குகிறது. கம்பியைத் தொட்டதும் 'ஜ்ஜ்' சத்தம் குறைந்தால் ஷீல்டிங் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை. தொட்டதும் கூடினால் கம்பிகள் அமரும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

செம்பு டேப்பையும் இரட்டைக் காயில் பிக்கப்பான ஹம்பக்கரையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவை தீர்ப்பது வேறு வேறு நோய். டியூப் லைட், மலிவான எல்ஈடி பல்ப் கிளப்பும் 'ஜ்ஜ்' இரைச்சலை டேப் தடுக்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்துக்கு அந்த மெல்லிய செம்பு ஒரு தடையே இல்லை. அதை ஒழிக்க இரண்டு காயில் வேண்டும். கிப்சன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் 1955-ல் காப்புரிமை கேட்டு 1959-ல் வாங்கிய வடிவமைப்பு அதுதான். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்களில் ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், காந்தமும் எதிரெதிராக இருப்பதால் கம்பியின் ஒலி கூடும். ஆனால் சிங்கிள் காயில் கிட்டாரான ஃபெண்டர் ஸ்ட்ராட்டின் அந்தக் கண்ணாடி ஒலி போய்விடும். அதற்காகவே ஸ்ட்ராட் வாங்கியவரிடம் ஹம்பக்கர் போடு என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைய ஸ்ட்ராட் பலவற்றில் நடு பிக்கப் எதிர்ச்சுற்று என்பதால் பிக்கப் சுவிட்சை 2-லோ 4-லோ (நடு பிக்கப்போடு இன்னொன்றும் சேரும் நிலை) வைத்தாலே ஹம் அடங்கும். காசு செலவில்லை.

டேப் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் கிடைக்கும், வேலை சில நூறு ரூபாயில் முடியும். வாங்கும்போது ஒட்டும் பசையும் மின்சாரம் கடத்துமா என்று கேளுங்கள். கடத்தாது என்றால் ஒவ்வொரு துண்டையும் அடுத்ததோடு ஒரு புள்ளியில் சால்டர் செய்ய வேண்டும். முன்பக்கப் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டின் பின்பக்கமும் ஒட்டி, பிக்கப் இருக்கும் குழி முழுக்க மல்டிமீட்டரின் பீப் கேட்கிறதா என்று பார்த்து, எர்த்தோடு சேர்க்கவும். ஜாக்கின் சிக்னல் முனை செம்பில் உரசினால் சத்தமே வராது, அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் போடுங்கள்.

டேப்புக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஃபேன் ரெகுலேட்டர். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்ய யாரால் முடியும்? கோடம்பாக்கத்தில் நண்பர் வீட்டில் 3-ல் ஓடிய ஃபேனை 5-க்குத் திருப்பியதும் இரைச்சல் பாதிக்குமேல் போய்விட்டது. வழவழவென்று சுற்றும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்டின் அலையை வெட்டி வெட்டி அனுப்புகிறது. கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் வெட்டுவதில்லை. எலெக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிஷ வேலை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரிலும் இதே தொல்லை உண்டு. கரண்ட் போன நேரத்தில் மட்டும் ஆம்ப் கத்தினால் காரணம் அதுதான்.

இனி எர்த். கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி கோடையில் காய்ந்தால் மண் மின்சாரத்தை வாங்காது, தண்ணீர் ஊற்ற வேண்டும். வாடகை வீட்டில் ஓனரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எலெக்ட்ரீஷியனை வைத்து கரண்ட் வரும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 60 வாட் குண்டு பல்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிரகாசமாக எரிந்தால் நல்லது. ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) டிரிப் ஆனாலும் நல்ல சேதிதான். மல்டிமீட்டர் மட்டும் போதாது, மோசமான எர்த்திலும் அது 230 வோல்ட் காட்டிவிடும்.

பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டினால் ஹம் போகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சில நேரம் போகத்தான் செய்யும். ஆம்ப்பில் லீக் இருந்தால் கம்பியே லைவ் ஆகி, பாட மைக்கைத் தொடும் ஆளை அடிக்கும். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ மேடையில் ஸ்டோன் த குரோஸ் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். எர்த் லூப் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆவது) என்று சந்தேகம் வந்தால் ஆம்ப், பெடல், லேப்டாப் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் சிக்னல் கேபிளின் நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். அது சிக்னலின் எர்த்தைத்தான் பிரிக்கும், கரண்ட் எர்த் அப்படியே இருக்கும்.

பெடல் பவரைப் பொறுத்தவரை, அனலாக் பெடல் இரண்டு மூன்றுக்கு ஒரே அடாப்டரிலிருந்து பிரிக்கும் கேபிள் போதும். டிஜிட்டல் டிலே ஒன்று சேர்ந்து 'கீ' என்று கத்த ஆரம்பித்தால் ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகக் கரண்ட் தரும் ஐசொலேட்டட் சப்ளைக்குக் காசு போடலாம். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டரை மட்டும் சொருகாதீர்கள். பெடலுக்கு வேண்டியது பெரும்பாலும் 9 வோல்ட், பிளக்கின் நடுவே நெகட்டிவ். ரவுட்டருடையது பெரும்பாலும் 12 வோல்ட், நடுவே பாசிட்டிவ்.