இடது மேலறை மிக்சோமா: நெஞ்செலும்பைத் திறப்பதா, விலா இடுக்கு வழியா?

இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் அரிது. பெரியவர்களிடம் அவற்றுள் முதன்மையானது மிக்சோமா. பெரும்பாலும் இடது மேலறையில், இரு மேலறைகளுக்கும் இடைப்பட்ட சுவரிலிருந்து காம்பு விட்டுத் தொங்கும் இக்கட்டி, துடிப்புக்குத் துடிப்பு, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வுக்குள் இறங்கி ஏறுவதை எக்கோவில் (ஒலியலை வழி இதயப் படத்தில்) கண்கூடாகக் காணலாம். துணுக்கு உடைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும் என்பதால் அறுவையைத் தள்ளிப்போடுவதில்லை. 1954இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் ஏற்கும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதனை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றினார்.

நெஞ்செலும்பைப் பிளக்கும் முறையில் இதயம் முழுவதும் கைக்கெட்டுகிறது. கூழ் போன்ற கட்டியைச் சிதறவிடாமல், காம்பு முளைத்த சுவர்ப்பகுதியோடு சேர்த்து வெட்டியெடுத்து, அந்த இடத்தை இதய உறையின் துண்டால் அடைக்கலாம். ஆனால் பிளந்த எலும்பு மீண்டும் ஒன்றுசேரப் பல வாரங்களாகும்.

வலப்பக்க விலா இடுக்கு வழியில் தழும்பும் சிறிது, நோயாளி எழுந்து நடமாடுவதும் விரைவு. எனினும் இயந்திரத்தைத் தொடை இரத்தக்குழாய்கள் வழியே இணைக்க வேண்டியிருப்பதால், அவை நோயுற்றிருந்தால் இது பொருந்தாது. பழகிய கைகள் இருந்தால் மட்டுமே இதனைத் தேர்வேன். பெரிய, எளிதில் உதிரும் கட்டிக்கு அகலத் திறப்பதே பாதுகாப்பு.