சக்கர மூடி: அலுமினிய டேப்பா, பீட்சா தட்டா, நெளிவு அட்டையா?

கோலாலம்பூரில் அக்கா வீடு. மாதம் ஒருமுறையாவது சிங்கப்பூரிலிருந்து துவாஸ் சோதனைச் சாவடி வழியாகக் காரில் போய்விடுவேன். போக ஏறக்குறைய 350 கிலோமீட்டர், திரும்பி வர அதே தூரம். அந்த 700 கிலோமீட்டரை மனதில் வைத்துத்தான், காற்றின் எதிர்ப்பைக் குறைத்துப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கச் சக்கர மூடி செய்யத் தொடங்கினேன். மூன்று விதமாகச் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டேன். நாலாவது ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து வேண்டாமென்று வைத்துவிட்டேன்.

சிங்கப்பூருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்த வேலையே தேவையில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது இருக்கும் எதிர்ப்பு, 90இல் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பே 90தான். மாலை 6 மணிக்குத் தீவு விரைவுச்சாலையில் அதையும் தொட முடியாது. மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வரம்பு 110. அங்கே எதிர்ப்பு 90இல் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. மூடிக்கு வேலை இருப்பது அங்கேதான்.

அது ஏன் சக்கரத்தில்? கார் 110இல் ஓடும்போது டயரின் மேல்பகுதி சாலையை வைத்துப் பார்த்தால் 220இல் முன்னோக்கிப் பாய்கிறது. அதோடு கம்பிகளுக்கு இடையே உள்ள ஓட்டைகள் மின்விசிறி மாதிரி காற்றைக் கடைந்துகொண்டே இருக்கின்றன. ஓட்டையை மூடி முகப்பைத் தட்டையாக்கினால் கடைவது குறையும். கார் கம்பெனிகளும் இதைச் செய்கின்றன. டொயோட்டா பிரியஸின் அலுமினியச் சக்கரத்துக்கு மேலே பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். டெஸ்லா மாடல் 3இன் 18 அங்குலச் சக்கரத்திலும் அப்படித்தான். அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் அந்த டெஸ்லா மூடியைப் போட்டும் கழற்றியும் ஓட்டிப் பார்த்தபோது ஆற்றல் செலவில் வித்தியாசம் 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. வீட்டில் செய்யும் மூடியிடம் அதைவிட அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். என் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் என்றால், அக்கா வீட்டுக்குப் போய்வர 42 லிட்டர். அதில் 3 சதவீதம் ஒன்றேகால் லிட்டர். பெரிய தொகை இல்லை. ஆனால் மாதாமாதம் மிச்சமாகிறது, செய்கிற செலவும் சில சிங்கப்பூர் வெள்ளிதான்.

சரி, டேப்பில் தொடங்குகிறேன். ஏற்கெனவே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, ஓட்டைகளின் மேல் ஏசிக்காரர்கள் குழாய்க்கு ஒட்டும் அலுமினிய டேப்பை ஒட்டுவது. அரை மணி நேர வேலை. ஒரு பயணம் தாங்கும். அடைமழையில் ஒருமுறை சிக்கினால் ஓரம் தூக்கிக்கொள்கிறது, பிரேக் தூசு உள்ளே புகுந்து பசை போய்விடுகிறது. உங்கள் காருக்குப் பலன் தெரிகிறதா என்று பார்க்க மட்டும் இது போதும்.

பீட்சா தட்டு எரிபொருள் சிக்கனப் பிரியர்களிடையே பல காலமாகப் பேர்போனது. அதன் மூதாதை 'மூன் டிஸ்க்'. அமெரிக்காவின் பானவில் உப்புப் பாலையில் வேகச் சாதனைக்கு ஓடிய கார்களில் மாட்டிய வழவழப்பான அலுமினியத் தட்டு அது. பார்க்க அழகு, மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. இங்கே முதல் சிக்கல் அளவு. 15 அங்குலச் சக்கரம் என்கிறோமே, அது டயர் உட்காரும் இடத்தின் அளவு. வெளி விளிம்பை அளந்தால் 16 அங்குலத்தைத் தாண்டும். அவ்வளவு பெரிய தட்டு வீட்டு அடுப்புக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அதனால் உணவகப் பாத்திரக் கடையில்தான் தேட வேண்டும். இரண்டாவது சிக்கல்தான் என்னைப் பயமுறுத்தியது. தட்டைச் சக்கரத்தோடு திருகாணி போட்டு இறுக்க வேண்டும். ஒரு திருகாணி தளர்ந்து, பாகோ ஓய்விடத்துக்கு முன்பாக 'டக டக'வென்று சத்தம் வரத் தொடங்கியது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால், தட்டு ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு விலகி நின்றது. அந்த வேகத்தில் அது கழன்று பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரர் மேல் பட்டிருந்தால்? அன்றைக்கே கழற்றி வைத்துவிட்டேன். திருகாணிப் பூட்டும் பசை போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

அக்ரிலிக் தகட்டைக் கடையோடு விட்டேன். கண்ணாடி போல அழகாக இருக்கும், ஆனால் துளை போட்ட இடத்திலிருந்து விரிசல் விடும். பாலிகார்பனேட் அப்படி உடையாது. ஆனால் கைவாளால் ஒழுங்கான வட்டமாக வெட்டுவது பெரும்பாடு.

நான் நிலைத்தது நெளிவு பிளாஸ்டிக் அட்டையில். வீடு விற்பனைக்கு என்று முகவர்கள் கட்டித் தொங்கவிடுவார்களே, அதே அட்டை. 4 மில்லிமீட்டர் தடிமன் போதும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் கலைப்பொருள் கடையில் வாங்கினேன். அட்டையின் நடுவில் ஒரு ஆணி, அதில் கட்டிய நூல், நூலின் முனையில் மார்க்கர் பேனா. வட்டம் கிடைத்துவிடும். கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காதீர்கள். முதல் சுற்றில் மேல்தோல், அடுத்த சுற்றில் உள்வரி, மூன்றாவதில் அடித்தோல் என்று போனால் விளிம்பு பிசிறில்லாமல் வரும். அப்புறம், காற்றடைக்கும் வால்வுக்கு நேராக ஒரு வெள்ளி நாணயம் அளவுக்கு ஓட்டை விடுங்கள். நான் முதல்முறை மறந்துவிட்டு, பெட்ரோல் நிலையத்தில் காற்றுக் குழாயைப் பிடித்தபடி மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இதைச் சக்கரத்தில் நேராகப் பொருத்துவதில்லை. பழைய பிளாஸ்டிக் மூடியின் மேல் வைத்து, அதன் ஓட்டைகள் வழியாகக் கேபிள் டை போட்டு எட்டு இடத்தில் கட்டுகிறேன். கறுப்பு டை வாங்குங்கள், வெயில் தாங்கும். ஒன்றிரண்டு அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். அப்படியே கழன்று விழுந்தாலும் கையில் தூக்கிப் பார்த்தால் எடையே தெரியாத அட்டைதான். பீட்சா தட்டை விட்டு இதற்கு வந்ததற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதும். குறை என்றால் தோற்றம்தான். வெள்ளை அட்டை இரண்டு மாதத்தில் அழுக்கேறிவிடும், அதனால் கறுப்பு.

எதைப் போட்டாலும் பிரேக்கை மறக்கக் கூடாது. நான் போகும், சிங்கப்பூரின் உபி வட்டாரத்துக் கார் பட்டறையில் அண்ணன் ஒருவர் சொன்னார்: "முன்னாடி முழுசா மூடாதீங்க தம்பி. நிறுத்துற வேலையில பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். சூடு வெளிய போகணும்." அதனால் பின் சக்கரங்களை முழுதாக மூடினேன். முன் மூடிகளில் நடுவைச் சுற்றி ஐந்து துளை விட்டிருக்கிறேன். கெந்திங் மாதிரி மலைப்பாதைக்குப் போவதாக இருந்தால் முன்னிரண்டையும் கழற்றிவிட்டே கிளம்புகிறேன். மூடி காரின் பக்கவாட்டை மீறி நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. வாகன மாற்றங்கள் பற்றி நிலப் போக்குவரத்து ஆணையம் போட்டிருக்கும் விதிகளை வாசித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பலனைச் சோதிக்க ஒரு பயணம் போதாது. மூடியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை, மறுபடி மூடியோடு ஒருமுறை ஓட்டுங்கள். டயர் காற்று, வேகம், ஆள் எண்ணிக்கை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். மழை நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஈரச் சாலையே கூடுதல் எரிபொருள் கேட்கும். அடுத்த வாரம் என் மூன்றாவது சுற்று. மச்சாப் ஓய்விடத்தில் தே தாரிக் குடிக்க இறங்கும்போது எட்டு டையையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பேன்.