இலவச கேட் மென்பொருள்: 31-ஐ 47.14 ஆக்க முடியுமா?

த்ரீடி பிரிண்டர் வீட்டுக்கு வந்ததும் அடுத்த கேள்வி, எந்த கேட் மென்பொருளில் (கணினியில் பாகம் வரையும் மென்பொருள்) வரைவது. காசு போடாமல் தொடங்குபவருக்கு உருப்படியாக இருப்பவை மூன்று: ஃப்ரீகேட், ஃப்யூஷனின் தனிநபர் பதிப்பு, ஆன்ஷேப்பின் இலவசத் திட்டம். டிங்கர்கேட் பள்ளிப் பிள்ளைகளுக்கு அருமை. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் போதாமல் போய்விடும். லிப்ரேகேட் தட்டையான வரைபடத்துக்கு மட்டும். என் ஓட்டு ஃப்ரீகேட்டுக்கு.

பழகும் சுகத்தை மட்டும் பார்த்தால் ஃப்ரீகேட் கடைசிதான். ஃப்யூஷனில் முதல் நாளே ஒரு பெட்டியும் மூடியும் போட்டுவிடலாம். ஆன்ஷேப் ப்ரவுசரிலேயே ஓடும். பழைய லேப்டாப் போதும், நெட் மட்டும் அறுபடக் கூடாது. ஃபில்லெட் (கூரான ஓரத்தை வளைவாக்குவது) போடுவதில் இரண்டும் கெட்டி. ஃப்ரீகேட்டில் 5 மி.மீ. தடிமன் தட்டின் ஓரத்துக்கு 5 மி.மீ. ஃபில்லெட் கேட்டால் மறுத்துவிடும், வளைவு பக்கத்து விளிம்பு வரை முழுசாகத் தின்றுவிடுவதால். 4.99 கொடுங்கள், வாங்கிக்கொள்ளும்.

இதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். பழகினாலும் சரியாகாதது ஒன்று உண்டு: இன்று வரைந்ததை இரண்டு வருடம் கழித்துத் திறந்து ஓர் அளவை மாற்ற முடியுமா என்பது.

நேமா 17 அளவு ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும்) மோட்டாரைப் பிடிக்க ஒரு தட்டு என்று வைத்துக்கொள்வோம். எம்3 (3 மி.மீ.) திருகுக்கு நான்கு துளைகள், துளைக்குத் துளை 31 மி.மீ., நடுவே மோட்டாரின் 22 மி.மீ. வட்ட மேடு உட்கார ஓட்டை. ஃப்ரீகேட்டில் பார்ட் டிசைன் பகுதிக்குப் போய், பாடி உருவாக்கி, எக்ஸ்-ஒய் தளத்தில் ஸ்கெட்ச் திறங்கள். 50 மி.மீ. சதுரம், நடுவில் 22.5 வட்டம். உள்ளே 31 மி.மீ. சதுரம் ஒன்றைத் துணைக்கோடாக மட்டும் போட்டு, அதன் மூலைகளில் 3.4 மி.மீ. வட்டங்கள். எல்லா அளவும் கட்டுப்பட்டதும் கோடுகள் பச்சையாகும். பச்சை ஆகாமல் ஸ்கெட்ச்சை மூடாதீர்கள். பிறகு 5 மி.மீ. பேட், அதாவது ஸ்கெட்ச்சுக்குத் தடிமன்.

நாளைக்கு நேமா 23 மோட்டார் வாங்குகிறீர்கள். துளை இடைவெளி 47.14, மேடு 38.1. இடைவெளியை மட்டும் மாற்றினால் துளை 50 மி.மீ. தட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், பேட் சொதப்பும். அதனால் முதலிலேயே ஸ்ப்ரெட்ஷீட் ஒன்று சேர்த்து, இடைவெளிக்கு ஒரு செல் ஒதுக்கி அதற்குப் பெயர் வைத்துவிடுங்கள். சதுரங்களின் அளவுப் பெட்டியில் சமக்குறி தட்டினால் சூத்திரம் எழுதும் இடம் திறக்கும். உள் சதுரத்தின் பக்கம் இடைவெளி என்றும், வெளிச் சதுரத்தின் பக்கம் இடைவெளி கூட்டல் 19 என்றும் எழுதுங்கள். அப்புறம் செல்லில் 31-ஐ 47.14 ஆக்கினால் தட்டு தானே 66.14 ஆகும். நடு ஓட்டையையும் துளை விட்டத்தையும் இன்னும் இரண்டு செல்லில் வைத்தால் வேலை முடிந்தது.

இந்த வசதி மூன்றிலும் உண்டு. கோப்பு யார் வீட்டில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஃப்யூஷன் தனிநபர் பதிப்பு வணிக வேலைக்கு ஆகாது, வருட வருமான வரம்பு 1,000 டாலர். திருத்தும் நிலையில் பத்து ஆவணங்கள்தான் இருக்கலாம். பதினொன்றாவதற்கு ஒன்றைப் பூட்ட வேண்டும். விதியும் மாறும். 2020-இல் ஃப்யூஷனைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் இலவசப் பதிப்பின் வசதிகளைக் குறைத்தபோது ஸ்டெப் (பிற கேட் மென்பொருளும் திறக்கும் கோப்பு வடிவம்) ஏற்றுமதியையும் எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. பயனர்கள் கொதித்தெழவே அதை மட்டும் விட்டுவைத்தது. ஆன்ஷேப் இலவசத் திட்டத்தில் நீங்கள் வரைவது எல்லாமே பொதுவில் கிடக்கும், யாரும் தேடி எடுத்து நகல் போடலாம். அங்கும் வணிகப் பயன்பாடு கூடாது.

“ஸ்டெப்பில் எடுத்து வைத்துக்கொண்டால் போச்சு” என்பார்கள். ஸ்டெப் உருவத்தைத் துல்லியமாகக் கொண்டுபோகும். ஸ்கெட்ச்சையும் சூத்திரத்தையும் கொண்டுபோகாது. வேறு மென்பொருளில் திறந்தால் துளையிட்ட ஒரு கட்டி கிடைக்கும், 31 என்ற எண் அதில் எங்கும் இராது. துளைகளை அடைத்துப் புதிதாகப் போட வேண்டியதுதான். பிரிண்டுக்கு எடுக்கும் எஸ்டிஎல் கோப்பு இன்னும் மோசம், வெறும் முக்கோணங்கள். ஃப்யூஷன் தன் சொந்த வடிவத்தில் கோப்பை இறக்கித் தரும்; அதை முழு வரலாற்றோடு திறக்க மறுபடியும் ஃப்யூஷன்தான் வேண்டும்.

ஃப்ரீகேட் கோப்பு ஒரு ஜிப். பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. அந்த 31-ஐ நோட்பேடிலேயே தேடிக் காட்டலாம். கணக்கு, லாகின், காலாவதி எதுவும் கிடையாது. பிராக்கெட் செய்து விற்றாலும் கேட்க ஆளில்லை.

ஃப்ரீகேட் எடுப்பவர்கள் 1.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பையே எடுங்கள். 2024 நவம்பரில் வந்த 1.0-க்கு முன்பு, கீழே ஓர் அளவை மாற்றினால் பாகத்தின் முகங்களுடைய (பரப்புகளுடைய) வரிசை எண் குழம்பி, மேலே ஒட்டிய ஸ்கெட்ச் வேறு முகத்துக்குத் தாவும். “ஃப்ரீகேட் உடைந்துபோகும்” என்ற பழைய பெயர் வந்தது இதனால்தான். இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது, முற்றிலும் போய்விடவில்லை. ஸ்கெட்ச்சை முகத்தில் ஒட்டாமல் அடிப்படைத் தளத்தில் வைத்து, வேண்டிய உயரத்துக்கு ஆஃப்செட் கொடுங்கள். யூட்யூப் பாடம் பார்க்கும்போதும் பதிப்பு எண்ணைக் கவனியுங்கள், 0.19 காலத்துப் பாடத்தில் பட்டன்களே வேறு இடத்தில் இருக்கும். பிரிண்டில் வட்டம் பட்டை பட்டையாக வந்தால் பிரிண்டரைத் திட்ட வேண்டாம். மெஷ் பகுதியில் பரப்பு விலகலை 0.1-லிருந்து 0.02 ஆக்கி எஸ்டிஎல் எடுங்கள்.

லேசர் கட்டிங் கடைக்கு டிஎக்ஸ்எஃப் (தட்டை வரைபடக் கோப்பு) வேண்டுமென்றால் ஸ்கெட்ச்சைத் தேர்ந்து ஏற்றுமதி செய்தால் போதும். ஃப்யூஷனிலும் ஸ்கெட்ச்சிலிருந்து எடுக்கலாம். எதில் எடுத்தாலும், அளவு மி.மீ. என்பதையும் தட்டின் ஒரு பக்க நீளத்தையும் கடைக்காரரிடம் எழுதிக் கொடுங்கள். அலகை அங்குலமாக எடுத்துக்கொண்டால் 50 மி.மீ. தட்டு 1,270 மி.மீ. ஆகிவிடும்.

நூறு இருநூறு பாகம் கொண்ட அசெம்பிளிக்கு இந்தச் சிபாரிசை நீட்ட மாட்டேன். நான் சொன்னதெல்லாம் சின்னப் பாகங்களுக்கு. வீட்டில் சிஎன்சி ரவுட்டர் வைத்து மரம் வெட்டுபவருக்கும் ஃப்யூஷனின் கேம் பகுதி (வெட்டும் கருவி போகும் பாதையைத் தயாரிப்பது) பழக எளிது, இலவசப் பதிப்பில் கருவி வெட்டாத நேரத்து வேக நகர்வைப் பிடுங்கிவிட்டிருந்தாலும்.