சுக்கா, வெந்தயமா, கழற்சிக்காயா?

திருப்பாப்புலியூர் நாட்டுமருந்துக் கடையில் மாதவிலக்கு வலிக்கு என்று கேட்டேன். சுக்கு, வெந்தயம், கழற்சிக்காய் மூன்றையும் மடித்துக் கொடுத்து, "எல்லாமே கர்ப்பப்பைக்கு நல்லதும்மா" என்றார் கடைக்காரர். மகளுக்காக வாங்கி வந்துவிட்டேன். ஆனால் மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

முதலில் சுக்கு. அந்த நாட்களில் கர்ப்பப்பையை இறுக்கிப் பிழிவது புரோஸ்டாகிளாண்டின் என்ற உடலே சுரக்கும் வேதிப்பொருள். மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரைகள் அது சுரப்பதைக் குறைக்கின்றன. இஞ்சியும் அதே வழியில் போவதாகத்தான் தெரிகிறது. ஈரானில் 150 மாணவிகளிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு 250 மில்லிகிராம் இஞ்சிப்பொடி நாளுக்கு நான்கு வேளை, மூன்று நாள். மற்ற இரு பிரிவுக்கும் அந்த மாத்திரைகள். வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளவைப் பாருங்கள்: நாளுக்கு 1 கிராம், அதாவது சுமார் அரை டீஸ்பூன் சுக்குப்பொடி. கருப்பட்டி போட்ட இரண்டு டம்ளர் சுக்குக் காப்பியில் முடிந்துவிடும். காரம் தொண்டையில் ஏறும்போது என் மகள் முறைப்பாள், அது வேறு.

வெந்தயம் என் மாமியார் கட்சி. ஒரு ஸ்பூன் வாயில் போட்டு மோரை ஊற்றி விழுங்கச் சொல்வார். 2014-இல் வந்த ஓர் ஆய்வில், முதல் மூன்று நாள் 900 மில்லிகிராம் பொடியை மூன்று வேளை எடுத்த மாணவிகளுக்கு, மருந்தில்லாத குளிகை எடுத்தவர்களைவிட வலி குறைந்திருக்கிறது. அது பொடி, நாம் விழுங்குவது முழு வெந்தயம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் கவனம், வெந்தயமும் சர்க்கரையை இறக்கும். கர்ப்பிணிகளுக்கு மருந்தளவில் வேண்டவே வேண்டாம்.

கழற்சிக்காய், சின்ன வயதில் திண்ணையில் தேய்த்து அடுத்தவள் கையில் சூடு வைத்தோமே, அதே கொட்டைதான். இப்போது அதன் பருப்பை மிளகோடு தின்றால் நீர்க்கட்டி கரையும் என்கிறார்கள். நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறில் இருப்பது கட்டியே இல்லை. முதிராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். அப்புறம் எதைக் கரைப்பது? ஆதாரம் என்று காட்டுவதும் பெரும்பாலும் எலி ஆய்வுகள். எங்கள் வீட்டுக் கொட்டையைப் பையன் சிமெண்ட் தரையில் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

மகளுக்குச் சாதாரண மாதத்தில் சுக்கு. பரீட்சை நாளென்றால் மாத்திரை, அதுவும் சாப்பிட்ட பிறகு. அல்சர், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரைகளைத் தொடக் கூடாது. வலி மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் மூன்றையும் ஓரம் வைத்துவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.